கல்லான பெடலுக்குக் கால் பலம் மருந்தல்ல

பிரேக் பெடல் இறுகிப்போனால் பயப்பட ஒன்றுமில்லையாம். பெடல் கெட்டியாக இருந்தால் பிரேக் பலமாக இருக்கிறது என்று அர்த்தமாம். கொஞ்சம் அழுத்தி மிதித்தால் வண்டி நின்றுவிடுமாம். மனசு கேட்காதவர்கள் பிரேக் ஆயிலை மாற்றிக் காற்றை எடுத்துவிடலாம். அதற்கும் சரிவரவில்லை என்றால் பூஸ்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, பழைய உதிரிப் பாகங்கள் விற்கும் ஹாஃப் கட் கடையில் இன்னொன்று வாங்கி மாட்டிவிட வேண்டியதுதானாம். பினாங்கு டத்தோ கிராமாட்டில் கார் பராமரிப்பு பற்றி நடந்த ஒரு சந்திப்பில், பட்டறைத் தொழிலில் பழுத்தவர் என்ற அறிமுகத்தோடு பேசிய ஒருவர் சொன்னது இவ்வளவும். கேட்டவர்களில் பெரும்பாலோர் பழைய மைவி, சாகா கார்கள் வைத்திருப்பவர்கள். தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவர் சொன்னதை அப்படியே சொல்லும் பட்டறைக்காரர்கள் இந்தத் தீவில் இன்னும் பலர் இருக்கிறார்கள், அதனால்தான் இந்த எதிர்வினை. அவர் பேச்சில் மூன்று பொய்களும் ஒரு பாதி உண்மையும் ஓர் அவமதிப்பும் இருந்தன. அவமதிப்பு இது: "இந்தப் புகாரோடு வருபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். கால் பலம் பத்தாது, வேறொன்றும் இல்லை."

முதலில், பெடல் கெட்டியானால் பிரேக் பலம் என்ற பேச்சு. பெட்ரோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது த்ராட்டில் தகடு கிட்டத்தட்ட மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்கும், ஆனால் வர வழி குறைவு. அதனால் உள்வாங்கும் குழாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைந்து வேக்குவம் உண்டாகிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் குழாய், நடுவில் ஒருவழி வால்வு, அதன் மறுமுனையில் பூஸ்டர். பூஸ்டருக்குள்ளே ஒரு ரப்பர் சவ்வு இரண்டு அறைகளைப் பிரிக்கிறது. மிதிக்காதபோது இரண்டு பக்கமும் வேக்குவம்தான். மிதித்த கணத்தில் ஓட்டுநர் பக்கத்து அறைக்குள் வெளிக்காற்று நுழைந்து சவ்வை முன்னால் தள்ள, அது மாஸ்டர் பம்ப்பின் தண்டைத் தள்ளுகிறது.

எட்டு அங்குல விட்டமுள்ள சாதாரண பூஸ்டரை எடுத்துக்கொள்வோம். பரப்பு சுமார் 324 சதுர செ.மீ. நல்ல எஞ்சின் தரும் 20 அங்குலப் பாதரச அளவு வேக்குவத்தில் ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் ஏறக்குறைய 0.69 கிலோ அழுத்தம் விழும். பெருக்கிப் பார்த்தால் 220 கிலோவுக்கு மேல். ஓட்டுநரின் காலோடு சேர்ந்து காற்று தள்ளுகிற விசை இது. பெடல் கல்லாகும்போது தொலைந்துபோவதும் இதுதான். பெடலின் நெம்புகோல் கால் விசையை நாலு மடங்காக்கும் என்று வைத்துக்கொண்டாலும், போனதை ஈடுகட்ட ஒற்றைக் காலால் இன்னும் ஐம்பது கிலோவுக்கு மேல் மிதிக்க வேண்டும். அதுவும் மோட்டார் சைக்கிள் ஒன்று குறுக்கே வந்துவிட்ட அந்த அரை நொடிக்குள். பெடலின் இறுக்கம், துணைக்கு வர வேண்டிய விசை வரவில்லை என்பதை வண்டி சொல்லும் விதம். அதைப் பலம் என்று ஊருக்குச் சொல்வது வண்டி கொடுக்கும் எச்சரிக்கையைப் பாராட்டாக மாற்றிச் சொல்வது. தொழில் தெரிந்தவர் செய்யக்கூடாத காரியம்.

அடுத்தது மோரிஸ் மைனர். "அந்தக் காலத்தில் ஏது பூஸ்டர்? எங்கள் அப்பா ஓட்டவில்லையா?" என்று கேட்டபோது கூட்டம் சிரித்தது. கேள்வி நியாயமானதுதான். பதில் தெரியாமல் கேட்டதுதான் குற்றம். 1948 முதல் 1971 வரை வந்த மோரிஸ் மைனரின் எடை முக்கால் டன் சொச்சம். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம் பிரேக்கின் முன் ஷூ, சுழலும் டிரம்மின் இழுப்பிலேயே தன்னை மேலும் அழுத்திக்கொள்ளும். அதாவது சக்கரத்தின் சுழற்சியே ஓட்டுநருக்குத் துணை செய்யும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் துணை கிடையாது. இரண்டு பேட்கள் தட்டை இருபுறமும் கவ்வுகின்றன, எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் பிடிப்பு. டிஸ்க் வந்த பிறகு சின்னக் காரிலும் பூஸ்டர் கட்டாயத் தேவையானதற்கு இது முக்கியக் காரணம். இன்று சின்ன மைவியே ஏறக்குறைய ஒரு டன், பெரிய எஸ்யூவி ஒன்றரை டன்னைத் தாண்டும். மோரிஸ் மைனர் பூஸ்டர் இல்லாமல் ஓடுவதற்கென்றே வடிவமைக்கப்பட்ட வண்டி. பூஸ்டர் செத்த மைவி அப்படியல்ல. பிரேக் அமைப்பில் பாதி இல்லாமல் ஓடும் வண்டி அது.

பூஸ்டர் சொகுசுக்காக வந்த சாமானும் இல்லை. பெல்ஜியக்காரரான ஆல்பர்ட் டெவாண்ட்ர கண்டுபிடித்த வேக்குவம் சர்வோவை 1920களில் போஷ் நிறுவனம் எடுத்துச் செய்தபோது, கனமான லாரிகளை நிறுத்துவதுதான் நோக்கமாக இருந்தது. நிறுத்த முடியாத எடையை நிறுத்துவதற்காகப் பிறந்த பொருள்.

இனி அந்தக் கால் பலம். கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. 13-எச் விதி இரண்டு அளவுகளைச் சொல்கிறது. மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் போகும் கார், பிரேக் முழுதும் வேலை செய்யும் நிலையில் 70 மீட்டருக்குள் நிற்க வேண்டும். பூஸ்டர் போன்ற ஒரு பகுதி செயலிழந்த நிலையில், ஓட்டுநர் 500 நியூட்டன் வரை, அதாவது சுமார் 51 கிலோ விசை வரை மிதித்து, 168 மீட்டருக்குள் நின்றால் போதும். அந்த விதியின் சூத்திரத்தில் 60 கி.மீ. வேகத்தைப் போட்டுப் பார்த்தால் 28 மீட்டர் எங்கே, 63 மீட்டர் எங்கே! இவை குறைந்தபட்ச அளவுகள், பல கார்கள் இதைவிட நன்றாகவே நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 51 கிலோ மிதிக்கத் தெம்புள்ள காலுக்கும் சட்டமே இரண்டு மடங்குக்கு மேல் தூரம் ஒதுக்கியிருக்கிறது. டத்தோ கிராமாட் சாலையில், பாடாங் பிரவுன் அங்காடிக் கடைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சாலையைக் கடப்பவர்கள் நிறைந்த மாலை வேளையில், அந்த உபரி 35 மீட்டருக்குள் எத்தனை பேர் நிற்பார்கள் என்று அவர் ஒருமுறை போய்ப் பார்க்கட்டும்.

பெண்கள் இந்தப் புகாரோடு அதிகம் வருகிறார்கள் என்பது உண்மையாகவே இருந்தாலும், அவர்கள் கோளாறை முதலில் உணர்கிறார்கள் என்றுதான் அதற்குப் பொருள். கனத்த காலுள்ள ஆண் பூஸ்டர் பாதி செத்த பிறகும் மிதித்துச் சமாளித்துக்கொண்டு, முழுதாகச் செத்த நாளில் முன்னால் நிற்கும் லாரியின் பின்புறத்தில் போய்த் தெரிந்துகொள்வான். "பெடல் நேற்றுமாதிரி இல்லை, அண்ணே" என்று ஒரு பெண் பட்டறையில் வந்து சொன்னால், அதைவிட நல்ல கோளாறு அறிக்கை கிடையாது. அதைக் கேட்டு அவளுடைய காலைப் பார்க்கிற மெக்கானிக் பெடலைத் தொடும் தகுதியை அங்கேயே இழந்துவிடுகிறார்.

மூன்றாவது, பிரேக் ஆயிலை மாற்றிக் காற்றை எடுப்பது. இதில்தான் அவர் பெரிய குழப்பத்தை விதைத்துவிட்டுப் போனார். பிரேக் குழாயில் காற்று புகுந்தால் பெடல் பஞ்சுபோல அமுங்கும், கீழே இறங்கும். காற்று அமுங்கும், திரவம் அமுங்காது, அவ்வளவுதான் விஷயம். பெடல் கல்லாக இருக்கும் வண்டியில் காற்றை எடுப்பது, இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பது. ஆயில் புதிதாகும், ரசீது எழுதப்படும், பெடல் அப்படியே இருக்கும். வண்டிக்காரர் "இப்போதுதானே பிரேக் செய்தோம்" என்ற தைரியத்தில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு துன் சார்டோன் சாலை வளைவுகளில் பாலிக் புலாவுக்கு இறங்குவார்.

பஞ்சுப் பெடலுக்கும் கல் பெடலுக்கும் ஓட்டுநர் செய்ய வேண்டிய முதலுதவியும் நேர் எதிரானது. பெடல் அமுங்கிப்போனால் சரசரவென்று பலமுறை மிதித்தால் கொஞ்சம் அழுத்தம் ஏறும், உதவும். பூஸ்டருக்கு வேக்குவம் வராத வண்டியில் அதே காரியத்தைச் செய்தால், ஒவ்வொரு மிதியிலும் மிச்சமிருக்கிற சேமிப்பு வேக்குவம் கரைந்துபோகும். இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு ஒன்றும் இருக்காது. அங்கே விட்டு விட்டு மிதிக்கக்கூடாது. ஒரே மிதியாக முழு பலத்தையும் கொடுத்து, காலை எடுக்காமல் பிடித்திருக்க வேண்டும், கியரைக் குறைக்க வேண்டும், பிறகு ஹேண்ட் பிரேக்கை மெல்ல இழுக்க வேண்டும். இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் இந்தச் சேமிப்பைத் தாங்களாகவே தொலைக்கிறார்கள். இவ்வளவையும் சொல்ல வேண்டிய மேடையில் "அழுத்தி மிதியுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கியதை எப்படி மன்னிப்பது?

நான்காவதாக அவர் சொன்ன யோசனை, பூஸ்டரை மாற்றிப் பார்ப்பது, பாதி உண்மை என்பதால் மேலும் ஆபத்தானது. கல் பெடலுக்குப் பூஸ்டர் காரணமாக இருக்கலாம்தான். ஆனால் அது ஒரு காரணம் மட்டுமே. எது என்று கண்டுபிடிக்க ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. அவர் கூட்டத்தில் செய்து காட்டியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

எஞ்சினை அணைத்த நிலையில் பெடல் இறுகும்வரை நாலைந்து முறை மிதியுங்கள். மிதித்த காலை அப்படியே மிதமாக வைத்துக்கொண்டு எஞ்சினைக் கிளப்புங்கள். கால் ஒரு விரற்கடை தானாகக் கீழே இறங்கினால் பூஸ்டருக்கு வேக்குவம் வருகிறது, சவ்வும் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றால் கோளாறு பூஸ்டரிலோ, அதற்கு வேக்குவம் கொண்டுவரும் பாதையிலோ இருக்கிறது. அடுத்து, எஞ்சினை ஓரிரு நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிட்டு நிதானமாக மிதித்துப் பாருங்கள். முதல் மிதி தாழ இறங்கி, இரண்டாவதும் மூன்றாவதும் படிப்படியாக உயர்ந்தால் சேமிப்பு நிற்கிறது. முதல் மிதியே கல்லாக இருந்தால் ஒருவழி வால்வோ குழாயோ கசிகிறது, அல்லது பூஸ்டரே காற்றுப் பிடிக்கவில்லை. மூன்றாவது சோதனை: எஞ்சின் ஓடும்போது மிதித்துப் பிடித்தபடி அணைத்துவிட்டு, அரை நிமிடம் காலை எடுக்காமல் இருங்கள். பெடல் காலை மேலே தள்ளினால் பூஸ்டருக்குள் கசிவு. மிதிக்கும்போதெல்லாம் டேஷ்போர்டுக்கு அடியில் தொடர்ந்து புஸ்ஸென்று சத்தம் வந்து, கூடவே எஞ்சின் தடுமாறினால் சவ்வு கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இதற்குப் பிறகுதான் பானெட்டைத் திறக்க வேண்டும். எஞ்சின் ஓடும்போது பூஸ்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி விரலை வைத்தால் பலமாக இழுக்க வேண்டும். அளவுமானி இருந்தால் ஐட்லிங்கில் 18 முதல் 22 அங்குலம் காட்ட வேண்டும். பினாங்கு போன்ற கடல்மட்ட ஊரில் அதற்குக் கீழே தொடர்ந்து காட்டினால், பூஸ்டரை விட்டுவிட்டு எஞ்சினைப் பாருங்கள். வால்வைக் கழற்றி ஊதினால் ஒரு பக்கம் மட்டும் காற்று போக வேண்டும். யாரோ ஒருமுறை அதைத் திருப்பி மாட்டியதால் பெடல் கல்லாகி, நல்ல பூஸ்டர் குப்பைக்குப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். குழாயைக் கையால் அமுக்கிப் பாருங்கள். வேக்குவத்துக்கென்று செய்யப்படாத சாதாரணக் குழாயைச் சிலர் போட்டுவிடுகிறார்கள். குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருக்கும், நெரிசலில் எஞ்சின் சூடேறியதும் இளகி உள்ளே ஒட்டிக்கொள்ளும். காலையில் பட்டறையில் நல்ல பெடல், மாலையில் ஆயர் ஈத்தாம் போகும் நெரிசலில் கல் பெடல் என்று ஒருவர் சொன்னால் முதலில் இந்தக் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

டீசல் பிக்அப் வைத்திருப்பவர்களுக்கு வேறு கணக்கு. பழைய டீசல் எஞ்சினில் த்ராட்டில் தகடு இல்லை, உள்வாங்கும் குழாயில் வேக்குவமும் இல்லை. தனி வேக்குவம் பம்ப்தான் பூஸ்டருக்கு உயிர், சில வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் பின்புறமே இருக்கும். டர்போவும் நேரடி எரிபொருள் செலுத்தலும் உள்ள பல புதிய பெட்ரோல் வண்டிகளிலும் இப்படி ஒரு பம்ப் உண்டு. ஹைப்ரிட் வண்டிகளில் பலவற்றில் வேக்குவமே கிடையாது, மின்சாரமும் திரவ அழுத்தமும் அந்த வேலையைச் செய்கின்றன. அவற்றில் இந்தச் சோதனைகள் பொருந்தாது, கணினியை மாட்டித்தான் பார்க்க வேண்டும்.

பூஸ்டர் சோதனைகள் எல்லாம் தேறிய பிறகும் வண்டி நிற்க மறுத்தால் சக்கரத்துக்குப் போக வேண்டும். துருப்பிடித்து நகராத காலிப்பர் பின், சூட்டில் கண்ணாடியாகிவிட்ட பேட், உள்சுவர் வீங்கி அடைத்துக்கொண்ட ரப்பர் பிரேக் ஹோஸ். இவை ஒவ்வொன்றும் பெடலை இறுக்கமாகக் காட்டும், பூஸ்டரை மாற்றினால் ஒன்றும் மாறாது. இன்னொரு காரணம் பட்டறைக்காரர்கள் வாயால் சொல்ல விரும்பாதது: பிரேக் ஆயில் டப்பாவில் தவறிப்போய்ப் பவர் ஸ்டீயரிங் ஆயிலையோ எஞ்சின் ஆயிலையோ ஊற்றிவிடுவது. கனிம எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர்கள் ஊதிப்போகும். பெடல் இறுகும், பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டு சக்கரம் கொதிக்கும். சந்தேகம் இருந்தால் டப்பாவிலிருந்து ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீரில் விடுங்கள். சரியான பிரேக் ஆயில் கரையும், எண்ணெய் மிதக்கும். மிதந்தால் அந்த வண்டியை ஓட்டக்கூடாது, இழுவை வண்டிதான். மாஸ்டர் பம்ப் முதல் சக்கரம்வரை ரப்பர் பட்ட அத்தனையும் மாற வேண்டும்.

இத்தனை காரணங்கள் இருக்கும்போது பூஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுச் சாவியைக் கொடுப்பது என்ன நியாயம்? பூஸ்டரே உண்மையில் கெட்டிருந்தாலும், ஏன் கெட்டது என்று கேட்காமல் மாற்றுவது தவறு. மாஸ்டர் பம்ப்பின் பின் சீல் கசிந்தால் பிரேக் ஆயில் சொட்டுச் சொட்டாகப் பூஸ்டருக்குள் இறங்கும். வெளியே ஒரு துளிகூடத் தெரியாது, டப்பாவில் மட்டும் அளவு குறைந்துகொண்டே வரும். அந்த ஆயில்தான் சவ்வைத் தின்றிருக்கும். பம்ப்பைக் கழற்றிப் பூஸ்டரின் வாயில் ஈரம் இருக்கிறதா என்று பார்க்காமல் புதிய பூஸ்டரை மாட்டினால், அதையும் அதே ஆயில் தின்னும். ஹாஃப் கட் கடையில் வாங்கும் பூஸ்டரின் சவ்வும் எத்தனை வருடம் எந்த நாட்டு வெயிலில் கிடந்ததோ. வாங்கும் இடத்திலேயே உறிஞ்சிப் பார்த்துக் காற்று நிற்கிறதா என்று சோதிக்காமல் வாங்கச் சொல்வதை யோசனை என்று எப்படிச் சொல்வது?

மாட்டும்போது தள்ளுதண்டின் நீளத்தையும் அளக்க வேண்டும். தண்டு கொஞ்சம் நீண்டுவிட்டால் மாஸ்டர் பம்ப்பின் பிஸ்டன் முழுதாகப் பின்வாங்காது, ஆயில் திரும்பும் சிறுதுளை மூடியே இருக்கும். கொஞ்ச தூரம் ஓடியதும் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். குட்டையாகிவிட்டால் பெடல் வெற்றாக இறங்கும். கூட்டத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பெரிய நிறுவனங்களே இந்தக் கோளாறைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019-இல் ஜெனரல் மோட்டார்ஸ் அமெரிக்காவில் 34 லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்அப்களையும் எஸ்யூவிகளையும் திரும்ப அழைத்தது. வேக்குவம் பம்ப்பின் திறன் நாளாக நாளாகக் குறைந்து, பெடல் இறுகி, நிற்கும் தூரம் கூடியதுதான் காரணம். 2022-இல் மெர்சிடிஸ் உலகம் முழுக்க 2004 முதல் 2015 வரை செய்த எம்எல், ஜிஎல், ஆர் வகை வண்டிகளில் ஏறக்குறைய பத்து லட்சத்தைத் திரும்ப அழைத்தது. பூஸ்டரின் கூட்டில் ஈரம் தங்கித் துருவேறலாம் என்பதுதான் அங்கே சிக்கல். சோதிக்கும்வரை ஓட்டவே வேண்டாம் என்று உரிமையாளர்களிடம் சொன்னார்கள். கெட்டியான பெடல் பலமான பிரேக்குக்கு அடையாளம் என்றால், இந்த நிறுவனங்கள் எதற்காகக் கோடிக்கணக்கில் செலவழித்தன?

அவர் கடைசியாக வாகனச் சோதனை நிறுவனத்தையும் துணைக்கு இழுத்தார்: "புஸ்பகோம்கூட இதைக் கேட்பதில்லை." சொந்தப் பயன்பாட்டுக் காருக்கு நம் நாட்டில் ஆண்டுதோறும் சோதனை கட்டாயமில்லை. பெயர் மாற்றும்போதும் இன்னும் சில சந்தர்ப்பங்களிலும் மட்டும்தான் சோதனைக்குப் போகிறது. பக்கத்து நாடான சிங்கப்பூரில் மூன்று வயதான காரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பத்து வயதானதை ஆண்டுதோறும் சோதிக்கிறார்கள். இங்கே பதினைந்து வயது சாகாவின் பிரேக்கை ஆண்டுகணக்கில் தொட்டுப் பார்க்கிற ஒரே மனிதர் பட்டறை மெக்கானிக்தான். அரசாங்கம் கேட்பதில்லை என்பதனால் அவருடைய பொறுப்பு இரட்டிப்பாகிறது. அதையே தப்பிக்கும் வழியாகக் காட்டியது அந்தப் பேச்சில் எனக்கு ஆறவே ஆறாத பகுதி.

அடுத்த சந்திப்பிலும் அவர்தான் பேசப்போவதாகக் கேள்வி. பேசட்டும். பேசுவதற்கு முன், கூட்டத்துக்கு வந்த வண்டிகளில் ஒன்றை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி, எஞ்சினை அணைத்து, நாலு மிதி மிதித்து, காலை எடுக்காமல் சாவியைத் திருப்பி, பெடல் இறங்குகிறதா என்று எல்லார் முன்னாலும் காட்டட்டும். "கால் பலம் பத்தாது" என்று சொன்ன வாசகத்தை, அன்று அதைக் கேட்டுக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் முன்னிலையில் திரும்பப் பெறட்டும்.